சைகோன் பெட்டியும் தாயக்கட்டையும்

சித்திரை 3, வியாழன்

விடிந்ததுமே வெயில். கிராமபோன் பெட்டியைத் துடைத்து எண்ணெய் விட்டேன். கப்பலில் உப்புக்காற்று பட்டிருக்கிறது. சாவி கொடுத்தால் கரகரக்கிறது. ஊசி டப்பா பத்திரம். பிளேட்டுகளில் ஒன்றுகூட உடையவில்லை. சைகோனிலிருந்து பாகூர் வரை, பிள்ளையை வைத்திருப்பதுபோல மடியில் வைத்துக்கொண்டு வந்ததற்குப் பலன்.

பிள்ளை என்றதும் எழுத வேண்டியிருக்கிறது. பூங்காவனம் இன்றும் கிட்ட வரவில்லை. நான் கப்பல் ஏறியபோது அஞ்சலைக்கு மூன்றாம் மாதம். இப்போது பெண்ணுக்கு ஏழு நடக்கிறது. என்னைப் பார்ப்பதே இப்போதுதான். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொன்னது காதில் விழுந்தது: "சைகோன்லேர்ந்து வந்துக்கிறாரு. எங்க வூட்லதான் தங்கிக்கிறாரு."

அஞ்சலை நேரத்துக்குச் சோறு போடுகிறாள். வெந்நீர் வைத்திருக்கிறது, துணி மடித்து வைத்திருக்கிறது என்கிறாள். எல்லாம் சுவரைப் பார்த்துச் சொல்வதுபோல. சொந்த மாமன் மகள். சின்ன வயதில் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். ராசு, வாடா, போடா.

சித்திரை 5, சனி

மேற்படி வெயில். சாயந்திரம் வாசலில் பாய் விரித்துப் பெட்டியை வைத்தேன். தெருவே வந்துவிட்டது. முதலில் நாடகப் பாட்டு, பிறகு நாயனம், கடைசியில் எனக்கு ரொம்பப் பிடித்த அந்தத் தாலாட்டு பிளேட்டு. பாடியது யாரோ, மேலே ஒட்டிய காகிதம் உரிந்துபோய்விட்டது. ஆர்மோனியமும் ஒரு பெண் குரலும் மட்டும்.

கூத்தில் துரியோதனன் வேஷம் கட்டும் கிழவர் கடைசிவரை கேட்டுவிட்டு, "நல்லாத்தான் கீது. ஆனா மூச்சு வாங்கறதே காணமே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சரியென்றுதான் பட்டது.

ஒன்று விசித்திரம். சைகோனில் இந்தத் தாலாட்டைப் போட்டால் பாகூர் ஏரிக்கரை கண்ணில் வரும். இங்கே போட்டால் சைகோன் வருகிறது. தகரக் கூரையில் மழை, அறைக்கூட்டாளி சவரிநாதன் ஞாயிற்றுக்கிழமை சீட்டுக் கலைக்கிற சத்தம், கீழே மீன் குழம்புக் கடை வாசனை.

அஞ்சலை வெளியே வரவில்லை. பாட்டு ஓடும்போதெல்லாம் உள்ளே அம்மி ஓடிக்கொண்டே இருந்தது.

சித்திரை 9, புதன்

அனல் காற்று. ஏரி வற்றி ஓரமெல்லாம் பாளம் பாளமாக வெடித்திருக்கிறது. வேலாயுதம் வந்து சடுகுடுவுக்கு இழுத்துக்கொண்டு போனான். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். தொப்பை வைத்துவிட்டது, ஆனாலும் பிடி விடமாட்டான். நான் பாடிக்கொண்டு போனேன். கோட்டைத் தாண்டி நாலு எட்டு வைப்பதற்குள் மூச்சு அறுந்துவிட்டது. "ஆபீஸ் நாற்காலி தின்னுட்டுதுபா உன்ன" என்றான்.

இதே ஏரியில் நாங்கள் கில்லி ஆடியிருக்கிறோம். பெண்பிள்ளைகளைச் சேர்க்கமாட்டோம். அஞ்சலை மட்டும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து நிற்பாள். அவள் அடித்த கில்லி கரை தாண்டிப் பனங்காட்டுக்குள் போய் விழும். தேடப் போவது நான். தேடிக்கொண்டே இருக்கும்போது பின்னாலிருந்து அவள் சிரிப்பது கேட்கும்.

முழங்கால் சிராய்ப்பு. அஞ்சலை பார்த்தாள். மஞ்சள் அரைத்து, கிண்ணத்தை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

சித்திரை 14, திங்கள்

தாலாட்டு பிளேட்டு போயிற்று.

மத்தியானம் தூங்கி எழுந்து கிணற்றடிக்குப் போனால், துவைக்கிற கல்லின்மேல் அது. அப்பளம் பொரிந்ததுபோல ஓரமெல்லாம் நெளிந்து. பூங்காவனம் தூசியாக இருக்கிறதென்று சீயக்காய் போட்டுக் கழுவி, வெயிலில் காய வைத்திருக்கிறாள். எனக்கு உதவி செய்கிறாளாம்.

என் முகத்தைப் பார்த்ததும் ஏதோ தப்பு என்று புரிந்துவிட்டது அவளுக்கு. அப்படியே நின்றாள். அடுக்களை வாசலில் அஞ்சலை வந்து நின்றாள். பிள்ளையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். வந்ததிலிருந்து நேராகப் பார்த்தது அப்போதுதான்.

பிளேட்டை எடுத்தேன். கை சுட்டது. கோபம் வந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அவள் தலைமயிரிலெல்லாம் சீயக்காய் நுரை. காதில்கூட. சிரிப்பு வந்துவிட்டது. "பிளேட்டக் கழுவினியா, தலைய முழுவினியா" என்று கேட்டேன். முதலில் அழுதாள். பிறகு, "பாட்டு அழுக்கா வந்துது, அதான்" என்றாள்.

அந்தக் கரகரப்பு அழுக்கு என்று நினைத்திருக்கிறாள்.

சித்திரை 15, செவ்வாய்

அதிசயம். மத்தியானம் சாப்பிட்டதும் அஞ்சலை கூடத்தில் கரித்துண்டால் கட்டம் போட்டாள். அரிசிப் பானைக்குள்ளிருந்து பித்தளைத் தாயக்கட்டை வந்தது. பெண்ணிடம் சொன்னாள்: "தாயம் ஆட வருமான்னு உங்கப்பாவக் கேளு."

உங்கப்பா.

நான் புளியங்கொட்டை, அவள் உடைந்த வளையல் துண்டு. அவளுக்கு எடுத்த எடுப்பில் தாயம். எனக்கு விழவே இல்லை. காய் இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். விழுந்து, இறங்கி, பாதி சுற்று வந்தபோது வெட்டிவிட்டாள். "எடுடா உன் காய" என்றாள், பழைய குரலில். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். பூங்காவனம் அம்மா முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தது.

"எடுக்கமாட்டேன் போடி" என்றேன். பிறகு எடுத்தேன்.

மூன்று ஆட்டமும் அவளுக்கே.

சித்திரை 20, ஞாயிறு

புழுக்கம். தினம் மத்தியானம் தாயம். அழிப்பதற்கு மனமில்லாமல் கட்டத்தைச் சுற்றித்தான் கூட்டுகிறாள். பூங்காவனத்துக்கும் ஒரு பக்கம் கொடுத்திருக்கிறோம். என் மடியில் உட்கார்ந்து என் காயையே வெட்டுகிறாள்.

இன்று கேட்டுவிட்டேன். வைகாசியில் கப்பல். சைகோனில் என் துறைமுக ஆபீசில் குடும்பஸ்தர்களுக்கு வீடு தருகிறார்கள், மூன்று பேரும் போவோம், அங்கே நம் ஜனம் நிறைய, கோயில்கூட இருக்கிறது என்றெல்லாம் சொன்னேன். அவள் கட்டையை உள்ளங்கையில் உருட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். போடவில்லை.

என் அப்பா செத்துப்போன பிறகு நிலத்தை யார் பார்த்தார்கள் என்று நான் கேட்டதில்லையாம். கரும்பு வைத்திருக்கிறாள். தையில் வெட்டு. கிணறு தூர் வாரியது அவள், கவலை இறைக்க, மாடு ஓட்ட ஆள் பிடித்தது அவள். அதை விட்டுவிட்டு வரமாட்டாளாம். சரி, நான் மட்டும் போய்ச் சீக்கிரம் வந்துவிடுகிறேன் என்றேன். அப்போது சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன்:

"நீ இல்லாம எப்பிடி இருக்கறதுன்னு ஏழு வருசமா கத்துக்கினேன். மறந்துடுன்னா மறந்துடறேன். திருப்பியும் கத்துக்கச் சொல்லாத."

கோபமே இல்லை குரலில். கட்டையைப் போட்டாள். என்ன விழுந்தது என்று இரண்டு பேரும் பார்க்கவில்லை.

சித்திரை 22, செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை. பெட்டி திறக்கவில்லை. தாயமும் இல்லை. அவள் எப்போதும்போல இருக்கிறாள். எனக்குத்தான் முகம் தூக்கிக்கொண்டு உட்காரத் தோன்றுகிறது.

மாலையில் அவளுக்குத் தெரியாமல் கரும்புக் கொல்லைக்குப் போய்ப் பார்த்தேன். என் இடுப்பு உயரம். ஒரு பாத்தியில்கூடக் களை இல்லை. நான் வாங்கி அனுப்பிய பட்டெல்லாம் பெட்டியில் மடிப்புக் கலையாமல் இருக்கிறது. இவள் இங்கேதான் இருந்திருக்கிறாள்.

சித்திரை 28, திங்கள்

புதுச்சேரி. வேலாயுதம் வண்டியில் போய் வந்தேன். கடற்கரையில் நல்ல காற்று. கப்பல் கம்பெனி ஆபீசில் மூட்டையும் பெட்டியுமாகக் கூட்டம். ஒரு கிழவர், போகிற மகனின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டே இருந்தார். போட்டதையே கழற்றிக் கழற்றி.

என் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். எழுத்தர் நிமிர்ந்து, "உடம்பு ஏதாவது சரியில்லீங்களா முசே?" என்றார். உடம்பு நன்றாக இருக்கிறது என்றேன். அவருக்கு அது போதவில்லை.

துறைமுக ஆபீசுக்கும் சவரிநாதனுக்கும் தபால் போட்டேன். இனி ஞாயிற்றுக்கிழமைச் சீட்டு இல்லை. சைக்கிளை அவனே வைத்துக்கொள்ளட்டும். சைகோன் மழை மாதிரி மழை இங்கே பெய்யாது.

வீட்டில் சொன்னேன். மீன் என்ன வாங்கி வந்தேன் என்று அஞ்சலை கேட்டாள். வாங்க மறந்துவிட்டேன்.

வைகாசி 4, திங்கள்

விடியற்காலம் லேசாக மேகம், பிறகு பழைய வெயில். இரண்டு பேரும் கொல்லையில். கவலைக்காரன் மாட்டை இறக்கத்தில் ஓட்டும்போது பாடுகிறான். நாள் முழுக்க அதே பாட்டு, மூச்சு வாங்க வாங்க. கரும்புத் தோகை அறுத்துக் கையெல்லாம் கீறல், வேர்வை பட்டு எரிகிறது. எனக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியவில்லை என்று அஞ்சலை மூன்று தரம் வாங்கிக் காட்டினாள்.

உச்சியில் நிமிர்ந்து கிழக்கே பார்த்தாள். இங்கிருந்து கடல் தெரியாது.

"இந்நேரம் கப்பல் போயிருக்கும்" என்றாள்.

தேதி எனக்கு மறந்தே போயிருந்தது. போயிருக்கும் என்றேன்.

மண்வெட்டியை என் கையில் கொடுத்தாள். பிறகு, "மடையத் தொற. வரப்பு ஒடஞ்சிக்கப் போவுது" என்றாள்.

திறக்கப் போனேன்.