பெட்டி இல்லாத செவ்வாய்க்கிழமை

போர்தோ
28 ஜனவரி 2013

அன்புள்ள ஒதில்,

நேரில் பேசினால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்பதால் எழுதுகிறேன். வரிசை இது:

1. உன் இரத்தப் புற்றுநோய் மாத்திரை செய்யும் வேலை.
2. அது செய்யாத வேலை.
3. அதை நீ நிறுத்தக் கூடாது என்று நான் நினைக்கும் காரணம்.
4. இதில் எனக்கென்று எந்த எதிர்பார்ப்பும் இல்லை.

முதலாவது. உன் எலும்பு மஜ்ஜையின் ஏதோ ஒரு செல்லில் ஒன்பதாம் குரோமோசோமும் இருபத்திரண்டாம் குரோமோசோமும் உடைந்து, துண்டுகளை மாற்றி ஒட்டிக்கொண்டன. ஒட்டிய இடத்திலிருந்து ஒரு புது என்சைம் வந்தது. மற்ற என்சைம்கள் சொன்னால் வேலை செய்யும், சொன்னால் நிறுத்தும். இதற்கு நிறுத்தத் தெரியாது. பெருகு, பெருகு என்று வெள்ளணுக்களை விரட்டிக்கொண்டே இருக்கும். அதற்கு வேண்டிய சக்தி வந்து உட்கார அதன் உடம்பில் ஒரு சிறு குழிவு உண்டு. நீ மதியச் சாப்பாட்டோடு விழுங்கும் மாத்திரை அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. என்சைம் ஓய்கிறது. அதை நம்பியிருந்த செல்கள் தாமாகவே மடிகின்றன. பழைய மருந்துகள் வேகமாகப் பிரிந்து பெருகும் எந்தச் செல்லையும் விட்டுவைக்கவில்லை. முடி கொட்டியது அதனால்தான்.

இரண்டாவது. இரத்த அணுக்கள் பிறக்கும் வேர்ச் செல்களில் சில பிரியாமல் சும்மா கிடக்கின்றன. அவை அந்த என்சைமை நம்பி வாழ்வதில்லை. ஆகவே மாத்திரையால் அவை சாவதில்லை. மூன்று வருடமாக உன் இரத்தத்தில் எதுவும் தெரியவில்லை என்றால் கருவிக்கு எட்டவில்லை என்று மட்டுமே பொருள்.

மூன்றாவது. உன் நிலையில் நிறுத்திப் பார்த்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு நோய் திரும்பியது, பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள். மறுபடி மாத்திரை எடுத்ததும் அநேகமாக எல்லோருக்கும் அடங்கியது என்பதையும் எழுதிவிடுகிறேன், மறைத்தால் கண்டுபிடித்துவிடுவாய். இருந்தாலும் எனக்குப் பயமாக இருக்கிறது.

நான்காவது. கணவனாக இதை எழுதவில்லை. அந்த உரிமை பதினோரு வருடத்துக்கு முன்பே போய்விட்டது. குரோமோசோம் எண்ணியே ஓய்வு பெற்றவனாக எழுதுகிறேன்.

அடுத்த செவ்வாய் வழக்கம்போல் பிப்ரவரி மாத மாத்திரைப் பெட்டியோடு வருகிறேன்.

அன்செல்ம்


அர்க்கஷோன்
7 பிப்ரவரி 2013

அன்செல்ம்,

செவ்வாயன்று வந்தாய். கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கோட்டைக்கூடக் கழற்றாமல் சூப்பைக் குடித்துவிட்டு ஐந்து மணி ரயிலைப் பிடித்தாய்.

உன் கடிதத்தை டாக்டர் கஸ்தேராவிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்காரு மதாம். ஆனா பயப்படுறது அவரு, முழுங்குறது நீங்க. முடிவு நீங்கதான் எடுக்கணும்" என்றார்.

எனக்கு எழுபத்தொரு வயது. மாத்திரையால் கெண்டைக்கால் பிடித்திழுக்காமல், காலையில் இமை வீங்காமல் ஒரு வசந்தத்தைப் பார்க்க ஆசை. மார்ச் ஒன்றாம் தேதி நிறுத்துகிறேன். மாதாமாதம் இரத்தம் பார்ப்பார்கள். நோய் திரும்பி வந்தால் மறுபடி விழுங்குவேன்.

இரத்தம் உன் பழைய ஆய்வுக்கூடத்துக்குத்தான் போகும். அதனால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இருபது செல் எண்ணினால் போதும் என்று நீதான் எல்லோருக்கும் சொல்வாய். எனக்கு நோய் வந்தபோது என்னுடையதை மட்டும் இருநூறு எண்ணினாய். ஒன்பது நாள் என் எதிரே உட்கார்ந்து, "உப்பு கொஞ்சம் கம்மி" என்று சொல்லிக்கொண்டு சாப்பிட்டாய். எனக்கு வந்திருப்பதை ஒரு அந்நிய டாக்டர் சொல்லித் தெரிந்துகொண்டேன். நான் வீட்டை விட்டுப் போனது நோயால் அல்ல, அந்த ஒன்பது சாப்பாட்டால்தான். இந்த முறை முடிவு எனக்குத்தான் முதலில் தெரிய வேண்டும்.

இன்னொன்று. எங்கள் தெருமுனை மருந்துக்கடை பெய்ரே அம்மாள் வெகுநாள் முன்பே கேட்டாள்: "அந்தப் பெட்டி நம்ம கடையிலயே கிடைக்குமே மதாம். பாவம், அந்த ஐயா மழையில நனைஞ்சிக்கிட்டு போர்தோவிலேருந்து தூக்கிட்டு வர்றாரே?"

"அவருக்கு ரயில்னா உசிரு" என்று சொல்லிவைத்தேன்.

இனிமேல் பெட்டி கிடையாது. பெட்டி இல்லாமல் வரத் தெரிந்தால் வா.

ஒதில்


போர்தோ
6 மார்ச் 2013

அன்புள்ள ஒதில்,

நேற்று செவ்வாய். வழக்கமான நேரத்துக்கு ஸ்டேஷனுக்குப் போய் டிக்கெட்டும் வாங்கினேன். என்னைப் பல வருடமாகப் பார்க்கும் ரயில்காரர், "என்னங்கய்யா, இன்னைக்குக் கையில ஒண்ணும் காணோம்? ஏறுங்க, கதவு மூடப்போகுது" என்றார். நான் ஏறவில்லை. வண்டி போன பிறகு பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ஆய்வுக்கூடத்திலிருந்து பழைய சகா கூப்பிட்டான். "ஒதில் பேரு பட்டியல்ல இருக்கே, முடிவு வந்ததும் உனக்குச் சொல்லட்டுமா?" என்றான். வேண்டாம், அவளிடமே முதலில் சொல் என்றேன்.

முதல் இருபது செல்லிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, ஒதில். அதற்குப் பிறகு நாளுக்கு இருபதாக ஒன்பது நாள் எண்ணினேன். சரிபார்க்கிறேன் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். அதில் ஒரு செல்லாவது சரியாக இருந்தால் உன்னிடம் அதிலிருந்து பேச்சைத் தொடங்கலாம் என்றிருந்தேன். ஒன்றுகூட இல்லை.

பெட்டி உன் தெருவிலேயே கிடைக்கும் என்பது எனக்கும் தெரியும். மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்தில் அந்தப் பெட்டி உட்கார்ந்துகொண்டது. நான் அதை எழுப்பவில்லை.

வெள்ளிக்கிழமை வருகிறேன். ஒன்றும் கொண்டுவர மாட்டேன். கோட்டைக் கழற்றுவேன்.

முதல் கடிதத்தை மறுபடி சரிபார்த்தேன். ஒன்றும் இரண்டும் சரி. மூன்றாவதில் பயம் இருக்கிறது, பிழை இல்லை. எதிர்பார்ப்பு இல்லை என்றேனே, அந்த நான்காவது தவறு.

அன்செல்ம்