டிரைவர் மாமாவின் நாலு விரல்

அன்புள்ள மகளுக்கு,

நம் மொட்டை மாடி மின்சாரத்தை நீ உன் கட்சியில் சேர்த்துவிட்டாய். எங்களில் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதை எழுதிய பிறகுதான் நலம் விசாரிப்பது என்று உட்கார்ந்தேன், எழுதிவிட்டேன், இனி கேட்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்? வேளைக்குச் சாப்பிடுகிறாயா, கழுத்து வலி விட்டதா, தலைநகரத்துக் குளிருக்கு அந்தப் பழைய ஸ்வெட்டர் போதுமா? நானும் அப்பாவும் உடம்பளவில் சௌக்கியம். மனசைப் பற்றிக் கேட்காதே.

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் என்னைப் பெரிய இஸ்திரி உருளைக்கு மாற்றியிருக்கிறார்கள். கரண்ட் போனால் உருளை பாதியில் நின்றுவிடுகிறது, உள்ளே போன விரிப்பை உடனே வெளியே இழுக்காவிட்டால் கருகிப்போகிறது, மேலே வார்டிலிருந்து நர்ஸ் இறங்கி வந்து விரிப்பு எங்கே என்று எங்களைத் திட்டுகிறாள். எண்ணெய்க் கப்பல் நேரத்துக்கு வராததால் இந்த மாதம் முழுக்க இப்படித்தான். எங்கோ இரண்டு நாடுகள் முறைத்துக்கொண்டால் இங்கே என் கையில் விரிப்பு கருகுகிறது. சலவைக்கூடத்தில் பாதிப் பேர் போன ஆட்சிதான் காரணம் என்கிறார்கள், மீதிப் பேர் இந்த ஆட்சிதான் என்கிறார்கள். பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும் இல்லையா, ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டே ஒருத்தியை ஒருத்தி ஏசிக்கொள்கிறார்கள். மேட்டுத்தெருப் பங்களாக்களில் ஒரு விளக்கும் அணைவதில்லை, அங்கே வீட்டுக்கு வீடு ஜெனரேட்டர் இருக்கிறது, இரண்டு கட்சிக்காரர்களும் அங்கேதான் விருந்துக்குப் போகிறார்கள்.

அதனால் நீ சொல்வது எனக்குப் புரியாமல் இல்லை. நமக்கு வேண்டிய மின்சாரத்தை நாமே எடுத்துக்கொள்ள வேண்டும், யாருடைய கப்பலுக்கும் கரையில் காத்து நிற்கக்கூடாது என்பதில் எனக்கும் உனக்கும் சண்டையே இல்லை. ஒரு கட்சி தோளில் தூக்கினால்தான் எதுவும் நடக்கும்மா என்று போனில் சொன்னாய், அதையும் யோசித்தேன். நியாயம்தான், இத்தனை வருஷம் இரண்டு பக்கமும் தூங்கினார்கள், உங்கள் ஆட்கள்தான் முதலில் வாயைத் திறந்தார்கள். ஆனால் வாயைத் திறந்து என்ன சொன்னீர்கள் என்பதுதான் என் வழக்கு.

உன் கட்சி ஆபீஸில் நீ செய்த போஸ்டரை நான் இங்கே பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். நம் மாடி, நம் சூரியத் தகடுகள், அப்பா நீல பெயிண்ட் பூசி ஒட்டுப்போட்ட தண்ணீர்த் தொட்டி. மேலே, நம் வெளிச்சம் நம் கையில். என் மகள் எடுத்த படம் என்று பக்கத்தில் நின்றவளிடம் சொல்ல வாயெடுத்தேன். அப்புறம்தான் கீழ்வரியைப் படித்தேன், நாட்டை எண்ணெய்க் கப்பலுக்கு விற்ற துரோகிகளை விரட்டுவோம். அப்புறம் படத்தின் வலது ஓரத்தைப் பார்த்தேன். தகட்டின் விளிம்பைப் பிடித்தபடி நாலு விரல் மட்டும் தெரிகிறது. கையும் இல்லை, ஆளும் இல்லை.

அது மூன்றாம் மாடி டிரைவர் மாமாவின் விரல் என்று உனக்குத் தெரியும். தகடுகள் வந்த அன்று லிஃப்ட் ஓடவில்லை, தூக்குகூலிக்கு வந்தவன் படிக்கட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். அந்த மனுஷன் பஸ்ஸுக்கு லீவு போட்டு, துண்டைச் சுருட்டித் தலையில் வைத்து, ஒவ்வொன்றாக மேலே ஏற்றினார். மிஸ்திரி திருகு போடும்வரை அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றார். மாமா சிரிங்க என்று நீதான் சொன்னாய், வாய் முழுக்கச் சிரித்தார், நீ படம் எடுத்தாய். அவர் அடுத்த கட்சியின் தொழிற்சங்கத்தில் இருப்பது இந்தத் தெருவுக்கே தெரியும், அதனால் சிரிப்பை வெட்டிவிட்டாய், தகடும் வெட்டுப்படுமே என்று விரலை மட்டும் விட்டுவிட்டாய். அவ வெட்டியிருக்க மாட்டா, ஆபீஸ்ல வேற யாராவது வெட்டியிருப்பாங்க என்று அப்பா உனக்காக என்னிடம் வாதாடுகிறார். அவருக்கு நீ இன்னும் பல் விழுந்த பிள்ளை. உன் கை படாமல் அங்கே ஒரு போஸ்டர் வெளியே போகாது என்று பெருமையாகச் சொன்னது நீதான்.

இதில் ஒரு கொடுமையைக் கேள். உன் ஆபீஸ் அந்தப் போஸ்டரைப் பஸ்களின் முதுகிலும் ஒட்டியது, அவர் ஓட்டும் பஸ்ஸிலும் ஒட்டியது. மாமா படியில் என்னைப் பார்த்து, என்னைத் துரோகின்னு எழுதி ஒட்டி, அதை ஊர் முழுக்க என்னையே ஓட்டிக் காட்டச் சொல்றாங்கக்கா, நல்லவேளை விரலையாவது கட்சியில சேத்துக்கிட்டாங்க, சம்பளம் தருவாங்களான்னு உங்க பொண்ணுகிட்ட கேளுங்க என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அன்று சாயங்காலமே கீழே, தகட்டு மின்சாரத்தைச் சேமிக்கும் பேட்டரி அறைக்குப் போய்த் தன் வீட்டு இணைப்பைத் தானே கழற்றிவிட்டார்.

அவர் கழற்றியதும் அவர் கட்சி ஆட்கள் ஒவ்வொருவராகக் கழற்றினார்கள். இந்தக் கட்டடத்தில் யார் எந்தக் கட்சி என்று யாரும் யாரையும் கேட்டதில்லை, இப்போது பேட்டரி அறையில் எந்த ஒயர் தொங்குகிறது என்று பார்த்தால் போதும். அந்தத் தகடுகளுக்குப் பாதிப் பணம் மானியமாக வந்தது அவர் கட்சி ஆட்சியில், இணைக்க அனுமதி வந்தது உன் கட்சி ஆட்சியில், மீதிப் பணம் நாங்கள் எல்லோரும் போட்டோம். வெயிலுக்கு இது எதுவும் தெரியாது, அது பாட்டுக்கு அடிக்கிறது.

டிரைவர் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. அவர் வீட்டு அத்தைக்கு இப்போது மூச்சு மிஷின் இல்லாமல் அரை மணிகூட முடியாது. கரண்ட் போனால் முன்பெல்லாம் நம் பேட்டரியில் அது தானாக ஓடிக்கொண்டிருக்கும். இப்போது ஆக்ஸிஜன் சிலிண்டரைத் திறக்க வேண்டும், அதைத் திறக்க அவளுக்குக் கையில் பலம் இல்லை. பொண்டாட்டி மூச்சை வெச்சா ரோஷம் காட்டுவீங்க என்று முகத்துக்கு நேரே கேட்டேன். விரல் போதும் மூஞ்சி வேண்டாம்னு சொன்ன கரண்ட்டுல நான் எப்படிக்கா என் வீட்டு ஃபேனைப் போடுறது என்றார். அதற்குப் பதில் உனக்குத் தெரிந்தால் எழுது.

அவர் வேலைக்குப் போன பிறகு நம் சமையலறை ஜன்னல் வழியாக அத்தை அறைக்கு ஒரு ஒயரை இறக்கினேன். நான் சலவைக்கூடத்தில் இருக்கும் நேரத்தில் அப்பா பார்த்துக்கொள்வார். வேண்டாம்க்கா அவருக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவாரு என்றாள் அத்தை, ஆனாலும் பிளக்கைச் செருகவிட்டாள். போன வாரம் ஒரு நாள் பஸ் பழுதாகி அவர் மத்தியானமே வந்துவிட்டார். கரண்ட் இல்லை, மிஷின் ஓடுகிறது, ஜன்னலில் ஒயர் தொங்குகிறது. பார்த்தார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார், கரண்ட் வரும்வரை எழுந்திருக்கவில்லை. வந்ததும் ஒயரைப் பதமாகச் சுற்றி எடுத்துவந்து, உங்க ஜன்னல்லேர்ந்து விழுந்துடுச்சு போலக்கா என்று என் கையில் கொடுத்தார். கண் சிவந்திருந்தது. மறுநாள் அவர் பஸ்ஸுக்குப் போனதும் திரும்ப இறக்கினேன். இப்போது தினமும் அது விழுகிறது, தினமும் அவர் கொண்டுவந்து கொடுக்கிறார். இது எத்தனை நாளைக்கு?

அதிக நாள் இல்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். வரும் ஞாயிற்றுக்கிழமை கட்டடக் கூட்டம். பேட்டரிகளைச் சரிபாதியாகப் பிரித்துப் கட்சிக்குப் பாதி எடுத்துக்கொள்வது என்று பேச்சு. பிரித்தால் பாதி பேட்டரியில் தண்ணீர் பம்பு பாதித் தண்ணீர் ஏற்றாது, ஒரு சொட்டும் ஏற்றாது, மிஸ்திரி தெளிவாகச் சொல்லிவிட்டார். தெரிந்தே பிரிக்கப் போகிறார்கள். நம் பங்கில் மிச்சமாவது இரண்டு விளக்குக்குத்தான் காணும், ஒயரை இறக்கினாலும் மூச்சு மிஷினை இழுக்காது. உன் தலைவர்கள் நாட்டுக்குச் செய்வதை இவர்கள் ஒரு கட்டடத்துக்குச் செய்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

கட்சிகள் சண்டை போடட்டும். காற்றாலைக்கு யார் நிலம் போகும், யாருக்கு மானியம், எந்தப் பணக்காரன் எவ்வளவு கட்ட வேண்டும், இதற்கெல்லாம் மேஜையைத் தட்டிச் சண்டை போடட்டும், போட வேண்டும், நானே வந்து கூச்சல் போடுகிறேன். நம் சொந்தக் காலில் நிற்பதா வேண்டாமா என்பதை மட்டும் ஒரு கட்சியின் சொத்தாக்காதே. இது எங்களுடையது என்று நீ சொன்ன நிமிஷமே அடுத்தவன் இது நமக்கு வேண்டாம் என்று ஒயரைக் கழற்றுகிறான். அவன் முட்டாள் இல்லை, அவனை நீ வெளியே நிறுத்திவிட்டாய்.

கெட்ட எண்ணத்தில் நீ செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். இருட்டில் படித்துப் பரீட்சை எழுதியவள் நீ, அந்தக் கோபம் உனக்குள் இருக்கிறது, அது என்னிடமிருந்துதான் வந்தது. நான் கேட்பது சின்ன விஷயம். வெட்டாத படம் உன் போனில் மட்டும்தான் இருக்கிறது. அதை அனுப்பு. பெரிதாக அச்சடித்து ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் பேட்டரி அறைக் கதவில் ஒட்டுகிறேன், அவரையும் கூட்டிப்போய்க் காட்டுகிறேன். மாமாவுக்கு ஒரு போன் செய்து நீயே பேசு. போனில் இதைக் கேட்டபோதெல்லாம் தேர்தல் முடியட்டும்மா என்றாய். அத்தையின் மூச்சுக்குத் தேர்தல் தேதி தெரியாது.

கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, குனிந்தே உட்காராதே. அப்பா இரண்டு ஜோடி சாக்ஸ் வாங்கி வைத்திருக்கிறார், தனியாக அனுப்புகிறோம். எங்கிருந்தாலும் நன்றாக இரு, நாலு பேருக்கு நல்லது செய்கிற பிள்ளையாக இரு. எங்கள் இருவரின் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு.

உன் அம்மா

பி.கு. உறையை ஒட்டப் போனேன், கரண்ட் போய்விட்டது. கரண்ட் இல்லை என்று கீழே மூச்சு மிஷின் கூவுகிறது, மாமா இன்றைக்கு வீட்டில்தான் இருக்கிறார், இறக்குவதா வேண்டாமா என்று ஒயரைப் பிடித்துக்கொண்டு ஜன்னலில் நிற்கிறேன். படத்தை அனுப்பு.