இடப்பக்கக் கைப்பிடி

பல்கலைக்கழக விடுதி,
கொச்சி.
9 மார்ச் 2025

கர்த்தருக்குள் பிரியமான என் அக்காள் மகள் ரெஜிலாவுக்கு, உன் எலியா மாமா எழுதுவது.

அக்காளின் கால்கட்டு எப்படி இருக்கிறது? வலி உண்டென்றால் சொல்லு. இங்கே பெரிய பெரிய டாக்டர்மார் எல்லாம் எனக்குத் தோழர்களாகிவிட்டார்கள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, படித்து வாங்கிய டாக்டர். இருந்தாலும் டாக்டர்தானே.

பலாச்சக்கைத் தோல் சீவுகிற உன் மிஷின் ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தது. பிக்கப்பிலிருந்து இறக்கும்போது யூனிவர்சிட்டியே திரண்டு வந்தது. நானூறு பேர் இருக்கும். சரி, நாற்பது என்று வைத்துக்கொள்.

இந்த இடத்துக்கு ஸ்டார்ட்டப் ஆக்சிலரேட்டர் என்று பேர். ஆக்சிலரேட்டர் நமக்குத் தெரியாததா? சக்கை லோடு ஏற்றிக்கொண்டு முப்பது வருஷமாக நான் மிதிக்கிறதுதான். இங்கே தொழில் தொடங்க வருகிறவர்களைப் பன்னிரண்டு வாரம் உள்ளே வைத்து மிதிக்கிறார்கள். உள்ளே போவது ஆள், வெளியே வருவது கம்பெனியாம். மொத்தம் பதினொரு குழு. மற்ற பத்தும் எஞ்சினியர் பிள்ளைகள். என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறார்கள்.

கழுத்தில் ஒரு கார்டு தந்திருக்கிறார்கள், போட்டோ வைத்தது. கண்ணாடிக் கதவுக்கு முன்னால் அதைக் காட்டினால் கதவு தானே திறக்கும். கலெக்டருக்குக்கூட இப்படித் திறக்காது, மக்களே.

ஒரு சின்னக் காரியம். கத்தியைப் பிடித்திருக்கிற அந்த ஸ்பிரிங் எதற்கு என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரியும். ஆனாலும் நீ சொன்னால் ஒரு அழகு உண்டு. படம் வரைந்து தபாலில் அனுப்பு. போனில் வேண்டாம். என் அறையில் இருக்கிற தீபு பாலக்காட்டுக்காரன், தமிழ் ஒரு சொல் விடாமல் புரியும்.

அம்மையை விட்டு நீ வர முடியாது என்பதால்தான் உனக்குப் பதிலாக நான் வந்து இந்தக் கஷ்டமெல்லாம் படுகிறேன். ஏசிக் குளிர் வேறு.

அன்பு மாமா,
எலியா


ஆரியங்கோடு,
17 மார்ச் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

அம்மைக்குக் கட்டுப் பிரிக்க இன்னும் இரண்டு மாதம் ஆகும். கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து கட்டில். நானும் அப்படித்தான். வீட்டிலிருந்து கிரில் பட்டறை, பட்டறையிலிருந்து வீடு.

படம் வைத்திருக்கிறேன். சக்கை உருண்டையாக இருப்பதில்லை. மேடு பள்ளம் உண்டு. மேடு வந்தால் கத்தி பின்வாங்க வேண்டும், பள்ளம் வந்தால் முன்னே வர வேண்டும். அதற்குத்தான் ஸ்பிரிங். பழைய ஸ்கூட்டர் ஸ்டாண்டில் இருந்து கழற்றியது. தேங்காயெண்ணெய்க் குப்பியை மறந்துவிடாதீர்கள். எண்ணெய் சொட்டாவிட்டால் சக்கைப் பால் கத்தியில் பிடித்துக்கொள்ளும்.

மாமா, ஒன்று கேட்க வேண்டும். நம் ஜங்ஷனில் ஒரு ஃப்ளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள். கோட்டுப் போட்ட உங்கள் படம். சக்கை இயந்திரம் கண்டுபிடித்த நம் எலியாவுக்கு வாழ்த்து என்று மலையாளத்தில் இருக்கிறது. ஃப்ளெக்ஸ் அடித்த சஜுவைக் கேட்டேன். "படமும் எழுத்தும் எலியாண்ணன் அனுப்பினதாக்கும். நான் அடிச்சேன், அவ்வளவுதான்" என்றான்.

அங்கே சேரக் கொடுத்த ஃபாரத்தில் யார் பேர் எழுதினீர்கள்?

ரெஜிலா


கொச்சி,
26 மார்ச் 2025

பிரியமுள்ள மக்களே,

உன் கடிதம் கண்டு சந்தோஷப்பட்டேன். அதைப் படித்து முடிக்கிறவரை சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

சஜு விவரம் கெட்ட பயல். நான் படம் அனுப்பியது சும்மா பார்க்க. ஃபாரத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பேர் எழுதுகிற கட்டம் ரொம்பச் சின்னது. உன் பேர் நீளம், என் பேர் மூன்றெழுத்து. அதோடு இங்கே வந்து தங்குகிறவர்தான் கண்டுபிடித்தவராகவும் இருக்க வேண்டுமாம், அது விதி. வெறும் காகிதம்தானே, மனசில் உன் பேர்தான் எழுதினேன்.

ஸ்பிரிங் விஷயத்தில் ஜெயித்துவிட்டோம். சக்கை மரத்தில் உட்கார்ந்த பருந்தின் கால் பிடியைப் பார்த்து எனக்குத் தோன்றியது என்று சொன்னேன். ஒரு பெண்பிள்ளை கண்ணைத் துடைத்தாள்.

இப்போது அடுத்தது வந்திருக்கிறது. கைப்பிடி ஏன் இடப்பக்கம் இருக்கிறது? செல்லசாமி சார் கேட்டார். நாகர்கோவில்காரர், பேராசிரியர், சிரிக்கவே மாட்டார். பூமி சுற்றுகிற திசையில் சக்கையைச் சுற்றினால் தோல் இளகும் என்று சொல்லிவிட்டேன். அவர் மறுபடியும் சிரிக்காமல் அதை எழுதிக்கொண்டார். பேட்டன்ட் தாளில் அது ஒரு விசேஷ அம்சமாகப் போகிறதாம். ஏப்ரல் இருபத்தெட்டாம் தேதி கையெழுத்து. கண்டுபிடித்தவர் என்ற இடத்தில்.

உண்மையான காரணத்தைச் சீக்கிரம் எழுது. காலை ஒன்பதுக்கு ஒருவர், பத்தரைக்கு ஒருவர், ஞாயிற்றுக்கிழமையும் ஒருவர் வருகிறார். வழிகாட்டுகிறவர்களாம், மெண்டர் என்று பேர். எல்லாரும் ஏன், ஏன் என்கிறார்கள். அந்தக் கைப்பிடியைத் திருப்பித் திருப்பி என் தோள் இறங்கிப்போய்விட்டது. ஒருநாள் கார்டை அறையில் மறந்துவிட்டேன். அந்தக் கண்ணாடிக் கதவு உள்ளேயும் விடவில்லை, வெளியேயும் விடவில்லை. இரண்டு கதவுக்கு நடுவில் அரைமணி நேரம் மீன்தொட்டி மீன் மாதிரி நின்றேன்.

மாமா,
எலியா


ஆரியங்கோடு,
5 ஏப்ரல் 2025

மாமாவுக்கு,

என் பேரும் மூன்றெழுத்துதான்.

கைப்பிடி ஏன் அந்தப் பக்கம் என்று நான் சொல்ல மாட்டேன். என்னை நீங்கள் பிறந்த நாள் முதல் பார்க்கிறீர்கள். யோசித்தால் தெரியும்.

அம்மை விசாரித்தாள் என்று எழுதச் சொன்னாள்.

ரெஜிலா


கொச்சி,
13 ஏப்ரல் 2025, குருத்தோலை ஞாயிறு

மக்களே,

இன்று ஊரில் இருந்திருந்தால் ஓலை பிடித்து நடந்திருப்பேன். இங்கே பிட்ச் பழக்கினார்கள். மூன்று நிமிஷத்தில் நம் வாழ்க்கையைச் சொல்ல வேண்டும். என் வாழ்க்கை மூன்று நிமிஷத்தில் அடங்குமா? இருந்தாலும் நன்றாகச் சொன்னேன்.

அதன்பிறகு நடந்ததுதான் எழுத வேண்டியது. ஆதிரா என்று ஒரு பிள்ளை, பக்கத்து மேசைக் குழு. பருந்துக் கதைக்குக் கண்ணைத் துடைத்தவள். நான் தோளைப் பிடித்துக்கொண்டு மிஷினைத் திருப்புவதைப் பார்த்துவிட்டு, "மாறுங்கோ அங்கிளே" என்று வந்தாள். இடது கையால் பிடித்தாள். ஒரே சுற்று. வருக்கைச் சக்கை பென்சில் சீவின மாதிரி தோலுரிந்து நின்றது. நான் பத்து நிமிஷம் இழுக்கிறதை அவள் ஒரு நிமிஷத்தில் முடித்தாள்.

முடித்துவிட்டு மெதுவாக, மற்றவர்களுக்குக் கேட்காமல், "இது என்னைப்போல ஒரு ஆளு உண்டாக்கினதல்லே?" என்றாள்.

எண்ணெய்க் குப்பி எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு அறைக்கு வந்து இதை எழுதுகிறேன்.

ரெஜிலா, எனக்கு இப்போது தெரிகிறது.

என்ன செய்ய என்று நீ சொல். இங்கேயே இருந்தால் இருபத்தெட்டாம் தேதி அந்தத் தாள் வருகிறது. ஓடி வந்துவிடலாம் என்றால் ஜங்ஷனில் கோட்டுப் போட்டு நானே நிற்கிறேன். அவனைத் தாண்டி நான் எப்படி அக்காளைப் பார்க்க வருவேன்?

எலியா மாமா


ஆரியங்கோடு,
21 ஏப்ரல் 2025

மாமாவுக்கு,

சபை விருந்தில் நான் இடது கையால் அப்பளம் எடுத்தேன். ஆறு வயது. விளம்பிக்கொண்டிருந்த நீங்கள் கரண்டியால் அந்தக் கையில் அடித்தீர்கள். "பெண்பிள்ளைக்கு பீச்சாங்கை ஆகாது கேட்டியா" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். சோறும் பேனாவும் வலது கைக்கு மாறின. பட்டறையில் யாரும் பார்ப்பதில்லை என்பதால் ஸ்பானர் மாறவில்லை. மிஷின் அந்தக் கை செய்தது.

என்ன செய்ய என்று கேட்டிருந்தீர்கள். கையெழுத்துப் போடுங்கள்.

நேற்று ஈஸ்டர் ஆராதனை முடிந்து, அம்மையை நாற்காலியோடு தூக்கி ஆட்டோவில் வைத்து ஜங்ஷனுக்குக் கூட்டிப்போனேன். ஃப்ளெக்ஸைப் பார்க்க வேண்டும் என்று ஒரு மாதமாகக் கேட்டாள். "எனக்கத் தம்பி, எட்டாங்கிளாஸ் தாண்டாதவன், பாத்தியா மக்களே" என்று அழுதாள். ஆட்டோக்காரரிடமும் சொன்னாள். அவளிடம் நான் இனி என்ன சொல்வது? சொன்னால் அவளுக்குத் தம்பி இல்லாமல் போவான். சொல்லாவிட்டால் எனக்கு மிஷின் இல்லாமல் போகும். மிஷின் இன்னொன்று செய்துகொள்ளலாம்.

இனி எழுத வேண்டாம். நீங்கள் கேட்க வேண்டியதெல்லாம் கேட்டாயிற்று.

ரெஜிலா


கொல்லயில்,
30 ஏப்ரல் 2025

ரெஜிலா,

நான் என் வீட்டுக்கு வந்துவிட்டேன். உன் வீட்டுக்கு நேரில் வந்து சொல்லலாம். நேரில் என் வாய் வேறு ஏதாவது சேர்த்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

இருபத்தெட்டாம் தேதி நான் கையெழுத்துப் போடவில்லை. மிஷின் செய்தது என் அக்காள் மகள் ரெஜிலா, அவள் இடது கைக்காரி என்று சொன்னேன். சொன்னதும் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

இல்லை. யாரும் எழுந்திருக்கவில்லை. செல்லசாமி சார் பேனாவை மூடி வைத்தார். "அப்ப அந்தப் பூமி சுற்றுறது?" என்று கேட்டார். "அதும் நான் கெட்டினதாக்கும் சார்" என்றேன். பருந்தையும் சொன்னேன்.

கார்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். பெட்டியோடு கதவண்டை வந்தபிறகுதான் கார்டு இல்லாமல் அது திறக்காது என்று ஞாபகம் வந்தது. அப்படியே நின்றேன். ஆதிரா வந்து தன் கார்டைக் காட்டித் திறந்துவிட்டாள்.

மிஷின் அங்கேதான் இருக்கிறது. மே ஐந்தாம் தேதி, திங்கட்கிழமை, நீ போய் நின்றால் மீதி வாரங்களை உனக்குத் தரலாமா என்று பார்ப்பார்களாம். பார்க்கலாம் என்றுதான் சொன்னார்கள். அதற்கு மேல் நான் எதுவும் சேர்க்கவில்லை.

ஃப்ளெக்ஸை இன்று காலை நானே ஏணி வைத்து அவிழ்த்தேன். கீழே நின்று நாலுபேர் ஏன் என்று கேட்டார்கள். சொன்னேன். அக்காளிடமும் நான்தான் சொல்ல வேண்டும், நாளை வருகிறேன். அவள் கதவைச் சாத்தச் சொன்னால் நீ சாத்திவிடு.

இன்னொன்று உண்டு. அதை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன். பிப்ரவரியில், அம்மையை விட்டு எப்படிப் போவேன் என்று நீ அழுத அன்றைக்கு, நான் வீட்டுக்கு வந்து அதை ஜிஜாவிடம் சொன்னேன். உன் மாமி உடனே, "நான் அங்க போய் இருந்து அக்காளப் பாத்துக்கலாம். பிள்ளை போவட்டும்" என்றாள். அதை நான் உன்னிடம் சொல்லவில்லை. மறக்கவில்லை, சொல்லவில்லை.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறவள் அவள்தான். கையில் மாற்றுத்துணி வைத்த பையும் இருக்கும். என் மேல் உள்ள கோபத்தில் அவளைத் திருப்பி அனுப்பிவிடாதே.

எலியா