நீ பாதியில் நிறுத்திய பார்சர்

என் செல்ல மாலதிக்கு,

உன் பார்சர் போன வாரம் முழுதாக ஓடியது. உனக்கு இந்த ஒரு வரி போதும். இதை மற்றவர்களும் படிக்கப்போவதால் கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

பெங்களூர் வேலையை விட்டுவிட்டுச் சிகிச்சைக்காகச் சங்கராபுரத்துக்கு வந்திருந்தாய். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் மருந்து ஏறும்போது துணைக்கு நான்தான் உட்கார்ந்திருப்பேன். "அண்ணி, ரொம்ப நாளா ஹாஸ்கெல்ங்கற ப்ரோக்ராமிங் மொழி கத்துக்கணும்னு ஆசை. தனியா படிச்சா தூங்கிடுவேன். நீங்களும் வாங்க" என்றாய். கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்தவள்தான் நான். ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு ஒரு வரி நிரல்கூட எழுதியதில்லை. நாத்தனாரும் அண்ணியும் ஒரே கட்டிலில் சாய்ந்துகொண்டு லேப்டாப் பார்ப்பதைக் கண்ட நர்ஸம்மா, நாம் சினிமா பார்க்கிறோம் என்றே கடைசிவரை நினைத்திருந்தார்.

நாம் எழுதிப் பழகியது பார்சர், அதாவது எழுதியிருப்பதைப் படித்துப் பகுதி பகுதியாகப் பிரித்துத் தரும் நிரல். ஒரு எண்ணை அடையாளம் காண ஒரு குட்டிப் பார்சர், ஒரு சொல்லை அடையாளம் காண இன்னொன்று, இரண்டையும் கோத்தால் ஒரு முழு வாக்கியத்தைப் படிக்கும் பார்சர். எனக்கு அது சட்டென்று பிடித்துப்போனது. உனக்கோ எதைத் தொட்டாலும் பழைய மொழியின் பழக்கமே முன்னால் வந்து நின்றது. "நான் பழசையெல்லாம் மறக்கணும் அண்ணி. உங்களுக்கு மறக்கறதுக்கு ஒண்ணும் இல்ல, அதான் சீக்கிரம் வருது" என்றாய். அது பாராட்டா, கேலியா? இன்னும் எனக்குத் தெரியவில்லை.

ஒருநாள் நான் எழுதியது நிற்காமல் சுற்றி, லேப்டாப் சூடேறிக் கத்தியது. "ஒண்ணுமே இல்லாட்டியும் கெடச்சுதுன்னு சொல்ற பார்சர திரும்பத் திரும்ப ஓடுன்னா, அது எப்பத்தான் நிக்கும்?" என்று கேட்டுவிட்டு, மருந்துக் குழாய் ஆடும் அளவுக்குச் சிரித்தாய்.

உன் அண்ணனுக்காக ஒன்று செய்யலாம் என்பது உன் யோசனைதான். அவர் கல்வராயன் மலைக்கு வேனில் சாமான் ஏற்றிப் போகிறார். மேலே இருப்பவர்கள் உப்பு, பருப்பு, கோழித்தீவனம் என்று வேண்டியதை வாட்ஸப்பில் எழுதி அனுப்புவார்கள். ஒருவர் தமிழில் எழுதுவார், ஒருவர் இங்கிலீஷ் எழுத்தில். சந்தேகம் கேட்கத் திரும்பக் கூப்பிட்டால் டவர் இருக்காது. அந்தச் செய்திகளைப் படித்து, எந்த ஊருக்கு எந்தச் சாமான் என்று பிரித்துத் தர ஒரு பார்சர் வேண்டும் என்றாய். சாமான்களைப் படிக்கும் பகுதியை எழுதி முடித்தோம். ஊர்ப்பெயர் பகுதியில் மட்டும் 'இன்னும் வரையறுக்கவில்லை' என்று பொருள்படும் சொல்லைப் போட்டுவைத்தாய். அப்படிப் போட்டாலும், நிரலைச் சரிபார்க்கும் கம்பைலர் ஏற்றுக்கொள்ளும். ஓட்டும்போதுதான் அந்த இடத்துக்கு வந்ததும் எல்லாம் நின்றுவிடும். "அடுத்த தடவ ஊசிக்கு வரப்போ எழுதிக்கலாம் அண்ணி" என்றாய்.

அந்த அடுத்த தடவை நமக்கு வரவே இல்லை.

அத்தை உன் லேப்டாப்பைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். நான் ஒருமுறை மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். "அது எம்பொண்ணுது. யாரும் தொட வேணாம்" என்றார். எனக்கும் உள்ளுக்குள் பயமாகத்தான் இருந்தது. நீ விட்ட இடத்தில் நான் எதையாவது எழுதிவிட்டால், நீ திரும்பி வரமாட்டாய் என்று ஒப்புக்கொண்டது போல் ஆகிவிடாதா?

ஆடி மாதம் மலையிலிருந்து ஒரு அக்கா பஸ் பிடித்து வீட்டுக்கே வந்துவிட்டார். கைக்குழந்தைக்குப் பால்பவுடர் கேட்டு அவர் அனுப்பிய செய்தி, மற்ற செய்திகளுக்கு நடுவில் உன் அண்ணன் கண்ணிலேயே படவில்லை. "கோவத்துக்கு வர்லண்ணே. இன்னா ஆச்சோ ஏது ஆச்சோன்னு நானே வாங்கிக்கினு போவலாம்னு வந்தேன்" என்றார். அத்தை அவருக்குச் சோறு போட்டார். அவர் போனதும் பீரோவைத் திறந்து லேப்டாப்பை எடுத்து என் மடியில் வைத்தார்.

"பாப்பா இதுக்குத்தான எதயோ எழுதிக்கினு இருந்தா?"

"ஆமா அத்தை."

"உனக்கு வருமா?"

"தெரில அத்தை. பாக்கறேன்."

ஊர்ப்பெயர்கள் என்னைப் படாதபாடு படுத்தின. மேல்காடு என்று தேடும் பார்சர், 'மேல்' வரை விழுங்கிவிட்டு அதற்குப் பிறகு 'வளவு' வந்தால் அங்கேயே தோற்று நின்றது. மேல்வளவுக்கு வாய்ப்பே தரவில்லை. தோற்றால் விழுங்கிய எழுத்துகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஆரம்பத்துக்கு வா என்று சொல்ல வேண்டும். அதைக் கண்டுபிடித்ததும் "மாலதி, பாரேன்" என்று வாய்விட்டுக் கூப்பிட்டுவிட்டேன். அடுப்படியிலிருந்து அத்தை எட்டிப் பார்த்தார்.

போன வாரம் உன் அண்ணன் பார்சர் பிரித்துக் கொடுத்தபடியே வேனில் ஏற்றினார். "எல்லா ஊரும் வந்துச்சு, ஒண்ணும் வுடல" என்று வெள்ளிமலையில் டவர் கிடைத்த இடத்திலிருந்து போன் செய்தார். பிறகு ஒவ்வொரு ஊர்ப்பெயராகச் சொல்லிக்கொண்டே போனார். முடியும்வரை நானும் போனை வைக்கவில்லை.

அன்று சாயங்காலம் அத்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இதுல அவ எழுதுனது எது, நீ எழுதுனது எது?" என்று கேட்டார். காட்டலாம் என்று திரையை மேலும் கீழும் நகர்த்தினேன். உன் பார்சருக்குள் என்னுடையது இருக்கிறது, என்னுடையதற்குள் உன்னுடையது இருக்கிறது. "பிரிச்சுக் காட்ட முடியல அத்தை" என்றேன். "அப்ப பிரிக்காத" என்று சொல்லிவிட்டு, திரை மேல் கையை வைத்தபடி அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

பிரிக்க மாட்டேன், மாலதி. மலையில் இன்னும் எத்தனையோ விதமாக எழுதுகிறார்கள். ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போவேன். அத்தையையும் பக்கத்திலேயே வைத்துக்கொள்வேன்.

என்றும் உன்,
சுமதி அண்ணி