இடி குடியிருக்கும் கை

ஜனவரி 9
ஊர்ச்சபை கூடியது. என்னைக் கூப்பிடவில்லை. நானே போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். என் தம்பி மகள் நியேவெஸைப் பற்றிப் பேசும்போது நான் வீட்டில் கிழங்கு உரித்துக்கொண்டிருப்பதா?

தலைவர் பசிலியோ எழுந்தார். "அந்தப் பொண்ணு மேட்டுக் கல்வீட்டுலயே இருக்கட்டும். அவ கையை யாரும் தொடக்கூடாது. தொட்டா என்ன ஆகும்னு தெரியும்ல?"

தெரியும். சின்ன வயதில் அவள் ஆசையாகக் கட்டிப்பிடித்த லாமாக் குட்டி கருகி விழுந்தது. இடி அவளுக்குள் குடியிருக்கிறது. நெஞ்சு நிறைந்தால் விரலில் இறங்கிவிடும். ஆனால் மேகம் கறுத்தால் அவளைத்தானே முகட்டில் நிறுத்துகிறார்கள்? இடியெல்லாம் அவள்மேல் விழ, இவர்கள் வயலும் கூரையும் பிழைக்கின்றன. இதைக் கேட்டேன். "பள்ளிக்கூடம் போகாதவருக்குச் சட்டம் எங்க புரியும்?" என்று ஒருவன் சிரித்தான். உப்புக் கட்டி சுற்றி வந்த செய்தித்தாளில் எழுத்துப் படித்தவன் நான். அவனைவிட நன்றாகவே படிக்கிறேன்.

ஜனவரி 15
பசிலியோவின் மகன் இசித்ரோதான் அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறவன். பாறைமேல் வைத்துவிட்டுத் திரும்ப வேண்டியவன், பொழுது சாயும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்கிறானாம். மேலே ஏறிப் போய் அவளிடமே கேட்டேன்.

"தொடலை பெரியப்பா. நடுவுல ஒரு கயித்தைப் போட்டிருக்கோம். அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான்."

"கயிறு இடியைத் தடுக்குமா?"

"அதெல்லாம் தடுக்காது" என்று சிரித்தாள்.

அவள் சிரித்து நான் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று? இனி எந்தச் சபையும் எனக்குப் பொருட்டில்லை.

ஜனவரி 16
பசிலியோவுக்குத் தெரிந்துவிட்டது. மகன் இன்னொரு முறை மேலே போனால் அவளைப் பனிக் கணவாய்க்கு அப்பால் துரத்துவார்களாம். அப்பால் என்ன இருக்கு? பனி. வேற ஒண்ணுமில்ல. கொல்லப் பாக்கிறானுங்க, அதான் விஷயம். நான் இருக்கும்வரை நடக்காது.

ஜனவரி 28
நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

நடுப்பகலில் வானம் கறுத்தது. நியேவெஸ் முகட்டில். ஊரே கீழே வயலில். எல்லோர் கண் முன்னாலும் இசித்ரோ மேட்டில் ஏறத் தொடங்கினான். "இனிமே அவ தனியா நிக்க மாட்டா!" என்று கத்திக்கொண்டே போனான். பாதி மேட்டில் இடி அவன்மேல் இறங்கியது. விழுந்தவனிடம் அசைவில்லை.

பசிலியோ ஓடப் பார்த்தார். அவர் போர்வையைப் பிடித்து இழுத்தேன்.

"விடும் மெல்கோர்! என் புள்ளைய்யா!"

"முகத்தைத் திருப்பும்! முதல் இடி உசுரை எடுக்கும், அடுத்த இடி திருப்பிக் குடுக்கும். நடுவுல மனுசக் கண்ணு பட்டா உசுரு வராது. மறந்துபோச்சா உமக்கு? திரும்புங்கடா எல்லாரும்!"

இந்த மலையில் இதை மட்டும் யாரும் மீறியதில்லை. ஊரே முதுகைக் காட்டி நின்றது. பசிலியோ மண்ணில் முகம் புதைத்துக் கிடந்தார்.

நானும் பார்க்கவில்லை. ஆனால் காது இருக்கிறதே. மேலே சரளைக்கல் உருண்டது. யாரோ இறங்கி வருகிறார்கள். அவளைத் தடுக்க வேண்டுமானால் ஒருவனாவது திரும்ப வேண்டும். யார் திரும்புவான்?

முதுகுக்குப் பின்னால் வானம் கிழிந்தது. கொஞ்சம் பொறுத்து — இருமல். அவன் இருமல்.

ஜனவரி 29
நியேவெஸை நேற்றே என் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். யாரையும் கேட்கவில்லை.

"என் கண்ணும் மனுசக் கண்ணுதானே பெரியப்பா? மூடிக்கிட்டே தவழ்ந்து போனேன். ரெண்டு கையையும் அவன் நெஞ்சுல வெச்சேன். செத்தவனை இன்னொரு தடவையா கொல்லப்போறேன்னு நெனைச்சேன். வெச்சுட்டேன்."

யார் தொட்டது என்று யாரும் பார்க்கவில்லை, ஆகவே குற்றமில்லை என்று சபை சொல்லி அனுப்பியது. ஆகா, என்ன பெருந்தன்மை! இது போதாது. அந்தச் சட்டமே போக வேண்டும். தலைவர் நேரில் வரட்டும் என்று பதில் அனுப்பினேன்.

பிப்ரவரி 3
வரவில்லை.

பிப்ரவரி 4
வரவில்லை. வருவார்.

பிப்ரவரி 11
வந்தார். சட்டத்தை எடுத்தாயிற்று என்றார். கையில் கோகா இலைப் பையும் ஒரு புட்டி சாராயமும் — பெண் கேட்டு வருகிறவர்கள் கொண்டுவருவது. கதவைத் திறந்தேனே தவிர உட்காரச் சொல்லவில்லை. தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். இன்னும் கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்றுதான் இருந்தேன்.

நியேவெஸ்தான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "உக்காருங்க மாமா" என்றாள்.