மாடிப்படிக்கு நாலடி

மார்ச் 3, செவ்வாய்

முகப்பை இன்று மூன்று முறை அளந்தேன். பதினான்கு அடிதான். அதில் மாடிப்படிக்குப் போகும் கதவும் நடையும் நாலடியை விழுங்கிவிடுகின்றன. மெத்தைக் கடைக்குப் பத்தடிக் கண்ணாடி எந்த மூலைக்கு? அந்தக் காலத்தில் கட்டியவன் தெருப்பக்கம் ஒடுக்கி, உள்ளே ரயில் பெட்டி மாதிரி இழுத்துக்கொண்டே போயிருக்கிறான். வியாபாரம் தெரியாதவன்.

சைக்கிளில் தலையணை கட்டி விற்று, அப்புறம் வாடகைக் கடையில் காலம் தள்ளியவன் நான். சொந்தக் கடை என்று வரும்போது நாலடிக்குக் கெஞ்ச வேண்டியிருக்கிறது.

மார்ச் 6

வீடு அக்காவுடையது. அத்தான் போன பிறகு மாடியில் தனியாக இருக்கிறாள்; கீழ்த்தளத்தை எனக்கு விட்டாள். நடைச் சுவரை எடுக்கலாமா என்றதும் பிடித்துக்கொண்டாள்.

"வாசலை எடுத்துட்டா நான் என்ன காக்காவா, பறந்து போக?"

"படி அப்படியே இருக்கும்க்கா. கடைக்குள்ளேருந்து ஏறுவே, அவ்வளவுதான்."

"மெத்தை வாங்க வர்றவன் முன்னாடி நான் காய்கறிப் பையோட ஏறணும்?"

கடைசியில், "என்னமோ பண்ணித் தொலை" என்றாள். சம்மதம்தானே அது?

மார்ச் 19

சுவர் போயிற்று. இரும்பு உத்தரம் கொடுக்காமல் கை வைக்கக்கூடாது என்று எஞ்சினீயர் பத்து நாளைத் தின்றுவிட்டார். பழைய கதவைக் கழற்றிய மேஸ்திரி, "இது வீட்டு வாசல் சார், யோசிச்சுக்குங்க" என்றார். வேலைக்கு வந்தவர் வேலையைப் பார்க்கலாமே.

ஏப்ரல் 8

பதினான்கடியும் கண்ணாடி. ஒரே ஷட்டர். திறந்தாயிற்று.

ஏப்ரல் 12, ஞாயிறு

நான் எல்லாம் ஒரு மனுஷனா!

ஒரு மணிக்குக் கடையடைத்தேன். ஷட்டரை இறக்கிப் பூட்டி, சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு பஞ்சு பார்க்க வெளியூர் கிளம்பினேன். இரண்டு மணி நேரம் போன பிறகு அக்கா போன்.

"டேய், நான் வீட்டுக்குள்ள இருக்கேண்டா."

வீட்டுக்குள்ளதானே இருப்பே? — அப்புறம்தான் உறைத்தது. இருபது வருஷம் வாடகைக் கடையைப் பூட்டின கை. கடையைப் பூட்டினோம் என்றே நினைத்தேன். வீட்டுக்கும் இனி அதுதான் வாசல் என்று மண்டையில் ஏறவேயில்லை.

எதிரே வாட்ச் ரிப்பேர் கடைக்காரர் ஏணி கொண்டுவந்து ஜன்னலில் சாய்த்தாராம். தெருவே வேடிக்கை பார்த்திருக்கிறது. அவள் இறங்கவில்லை. நான் வந்து ஷட்டரைத் தூக்கியபோது கையில் பையோடு படியடியில் நின்றாள். நாலு திட்டு திட்டியிருக்கலாம். நேரே மகள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஏப்ரல் 15

சாவி ஒன்று தருகிறேன் என்றேன். "ஷட்டர் தூக்குற வயசாடா எனக்கு?" என்று போனை வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 20

வியாபாரம் பரவாயில்லை. எரிச்சல்தான் தாங்கவில்லை. அம்மா எப்போது திரும்புவாள் என்று அக்கா மகளிடம் கேட்டேன். "உங்க கடை வழியா வரமாட்டாங்களாம் மாமா." அவ்வளவுதான், முடிந்தது பேச்சு.

ஏப்ரல் 23

மேஸ்திரியைக் கூப்பிட்டு, மாடிப்படிக்கு மறுபடி தனி வாசல் வேண்டும் என்றேன். "கண்ணாடிய வெட்டணுமா சார்?" என்று வாயைக் கையால் மூடிக்கொண்டார்.

"சிரிச்சு முடிச்சுட்டு அளவெடுங்க."

ஷட்டரும் மாற்ற வேண்டுமாம். நடைக்குத் தடுப்பும் எழுப்ப வேண்டுமாம். செய்ததையெல்லாம் திரும்பச் செய்ய எனக்கு என்ன வேண்டுதலா?

மே 9

பத்தடிக் கண்ணாடிதான், ஆனாலும் கடையில் கூட்டம். ஒரு தம்பதி மெத்தையில் உட்கார்ந்து அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைக்கு மேலே நாற்காலி இழுபடும் சத்தம். அந்தம்மா நிமிர்ந்து பார்த்து, "மேல குடோனாங்க?" என்றார்.

"இல்லம்மா," என்றேன். "வீட்டுக்காரங்க."