மஞ்சள் தெளிந்த லென்ஸ்

மாப்ள,

போன சித்திரையில் ஒரு மத்தியானம் தங்கச்சி என் மருந்துக்கடைக்கு வந்தாள். நீ கண்ணை மூடிய பிறகு உன் மனைவி கீரனூர் பக்கமே வந்ததில்லை. கையில் ஒரு எவர்சில்வர் தூக்கு. சாப்பாடு கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்து மூடியைத் திறந்தேன். வைக்கோலும் சாணியும் கலந்த வாசனை. உள்ளே, பழைய துண்டில் சுற்றி, உன் கேமரா லென்ஸ்.

“மாட்டுக் கொட்டகைப் பரண்லயே வச்சிருந்தேண்ணே. வீட்டுக்குள்ள வைக்கவும் பயம், தூக்கிப் போடவும் மனசு வரல.”

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். டிக்காஷன் நிறத்துக்கு வந்திருந்தது. நீ குவைத்திலிருந்து திரும்பியபோது இவ்வளவு மஞ்சள் இல்லை. அங்கே பழைய சாமான் சந்தையில் கிடைத்ததென்று, தங்கம் கொண்டுவந்தவனைப் போல அதை என் கல்லாமேல் வைத்தாய். மறுநாளே குடுமியான்மலைக்குப் போனோம். நீ எடுத்த படத்திலெல்லாம் பாறையும் மஞ்சள், வானமும் மஞ்சள், நானும் மஞ்சள். “ஒனக்குக் காமாலையா மாப்ள?” என்று கேட்டுவிட்டு, நீயே விழுந்து விழுந்து சிரித்தாய்.

காரணத்தை என் கடையில் உட்கார்ந்துதான் போனில் தேடிப் படித்தோம். அந்தக் காலத்தில் சில லென்ஸ்களுக்கான கண்ணாடியில் தோரியம் என்ற கதிரியக்கப் பொருளைச் சேர்த்திருக்கிறார்கள். படம் தெளிவாக விழுமாம். அதன் கதிர்வீச்சே வருசக்கணக்கில் கண்ணாடியை மஞ்சளாக்கிவிடுமாம். நல்ல வெயிலில் சில வாரம் வைத்தால் மஞ்சள் தெளியும் என்றும் போட்டிருந்தது. “வெயில்தானே? நம்மூர்ல அதுக்கா கொறச்சல்!” என்றாய். அந்தச் சந்தோசத்தோடு வீட்டுக்குப் போய், சாப்பிடும்போது எல்லாவற்றையும் தங்கச்சியிடம் சொல்லியிருக்கிறாய். அவள் காதில் விழுந்தது கதிர்வீச்சு என்ற ஒரு சொல் மட்டும்தான்.

கோடை வரட்டும் என்று தள்ளிப்போட்டு, மகளையும் கூட்டிக்கொண்டு அதிலேயே படம் எடுத்துத் திரிந்தாய். வெயிலில் வைப்பதற்குள் உனக்கு வயிற்றுவலி வந்துவிட்டது. திருச்சி ஆஸ்பத்திரியில் புற்றுநோய் என்றார்கள். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் வராந்தாவில் நின்று, அந்தக் கண்ணாடிதான் காரணம் என்று பேசிக்கொண்டார்கள். உனக்கும் கேட்டது. கட்டிலில் படுத்தபடியே தங்கச்சியைக் கூப்பிட்டு, “அதெல்லாம் ஒண்ணுமில்ல, டாக்டர்ட்டக் கேட்டுட்டேன்” என்றாய். தலையாட்டினாள். அவள் நம்பவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. உனக்கும் தெரிந்திருக்கும்.

“இப்ப எதுக்கும்மா எடுத்துட்டு வந்த?” என்று கேட்டேன்.

“பாப்பா மாசமா இருக்காண்ணே.” என் கையிலிருந்த லென்ஸைக் காட்டினாள். “அவருகூடவே திரிஞ்சு இத கண்ணுல வச்சுப் படம் புடிச்சவ அவ. வயித்துல இருக்குறதுக்கு ஏதாச்சும் ஆயிருமா? நாளும் தூக்கமில்ல.”

உன் மகளுக்கு ஒன்றும் ஆகாது என்று நான் சொன்னாலும், ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்றுதான் தங்கச்சி நினைப்பாள். என் கடைக்கு வரும் ஒரு பேராசிரியை திருச்சியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் எடுக்கிறார். அவரிடம் போனில் கேட்டேன். கதிர்வீச்சை அளக்கும் கருவி இருக்கிறது, கொண்டுவாருங்கள் என்றார். மறுநாளே பஸ் ஏறினோம். தூக்கைத் தங்கச்சி தன் பக்கத்தில் வைக்க விடவில்லை. என் மடியிலும் வைக்கக்கூடாதாம். கடைசியில் என் காலடியில் வைத்துக்கொண்டு, அவளை முன் சீட்டில் உட்காரச் சொன்னேன்.

ஆய்வுக்கூடத்தில் அந்த அம்மா கருவியை லென்ஸின் பின்பக்கம் கொண்டுபோனதும் பொரி பொரிவதைப்போலச் சடசடவென்று சத்தம். தங்கச்சி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். “பயப்படாதீங்க, நீங்களே புடிச்சுப் பாருங்க” என்று பேராசிரியை கருவியை அவள் கையில் கொடுத்தார். வாங்கமாட்டாள் என்று நினைத்தேன், வாங்கிக்கொண்டாள். ஓரடி பின்னால் வந்தாள். சத்தம் குறைந்தது. இன்னும் கொஞ்சம் பின்னால் வந்தாள். எப்போதாவது ஒரு டக், அவ்வளவுதான். லென்ஸை வெளியே கொண்டுபோகச் சொல்லிவிட்டு, சும்மா இருக்கும் அறையிலும் அதே டக் கேட்கிறதா என்று பார்த்தாள். கேட்டது.

“எங்கேயும் இது கொஞ்சம் இருக்கும்மா. உங்க பொண்ணு அப்பப்ப எடுத்துப் பாத்ததால கொழந்தைக்கு ஒண்ணும் வராது. இத ஒடைக்காதீங்க, ராத்திரி தலமாட்டுல வச்சுப் படுக்காதீங்க. அது போதும்.”

“எங்க வீட்டுக்காரருக்கு?”

அந்த அம்மா கருவியை வாங்கி மேசைமேல் வைத்தார். “அவருக்கு ஏன் வந்துச்சுன்னு என்னால சொல்ல முடியாதும்மா. இதனால வந்திருக்கும்னு எனக்குத் தோணல” என்றார். அந்தப் பதிலைத்தான் தங்கச்சி நம்பினாள் என்று நினைக்கிறேன். தெரியாததைத் தெரியாது என்று சொன்னவர், தெரிந்ததையும் சரியாகத்தானே சொல்லியிருப்பார்.

திரும்பும்போது தூக்கு அவள் மடியில் இருந்தது. கீரனூர் நெருங்கும்போது அழ ஆரம்பித்தாள். “அவரு இதத் தூக்குனாலே நான் அடுப்படிக்கு ஓடிருவேண்ணே. ஒரு தடவ நில்லு, ஒரே ஒரு படம்னு கெஞ்சுவாரு.”

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நீ எடுத்த படங்களில் மாடு இருக்கிறது, மகள் இருக்கிறாள், குன்றாண்டார்கோவில் மண்டபத்துத் தூண் ஒவ்வொன்றும் இருக்கிறது. தங்கச்சி எதிலும் இல்லை.

லென்ஸை என் மொட்டைமாடியில், வெள்ளித்தாள் விரித்து, காக்கா கொத்தாமல் கம்பிவலை போட்டு வெயிலில் வைத்தேன். பாப்பாவுக்கு அதில் இஷ்டமில்லை. “அப்பா எடுத்ததெல்லாம் அந்தக் கலர்தான் மாமா, அப்படியே இருக்கட்டுமே” என்றாள். தங்கச்சி ஒத்துக்கொள்ளவில்லை. “ஒங்கப்பா வெள்ளையாக்கணும்னுதான் ஆசப்பட்டாரு” என்று முடித்துவிட்டாள். அக்கினி நட்சத்திரம் கழிவதற்குள் டிக்காஷன் நிறம் வெளிறி, கடைசியில் தேடித்தான் மஞ்சளைப் பார்க்க வேண்டியிருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குப் போயிருந்தேன். பாப்பா உன் கேமராவில் லென்ஸை மாட்டி என்னிடம் நீட்டினாள். தங்கச்சி வாசலில் நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள், முந்தானையைச் சரிசெய்தாள், பிறகு கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் கோத்துக்கொண்டாள்.

“எடுங்கண்ணே.”

“மூச்ச விட்டுட்டு அமுக்கு மாப்ள” என்று நீ சொல்லிக்கொடுத்ததுபோலவே மூச்சை விட்டேன். நரை நரையாக, வேப்பிலை பச்சையாக, அவள் மூக்குத்தியின் சிவப்பு சிவப்பாகத் தெரிந்தது. லென்ஸைப் பார்த்து, ஓடாமல், கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தாள்.

நீ கெஞ்சிக் கேட்டும் கிடைக்காத அந்தச் சிரிப்பை உன் இடத்தில் நின்று நான் பார்த்துவிட்டேன், மாப்ள. அன்றிலிருந்து அது என்னோடேயே இருக்கிறது. உன்னிடம் கொடுத்துவிட வழி தெரியாமல்தான் இதை எழுதுகிறேன்.